கூப்பன் கூப்பன்னு அலையறேன், ஆனா மளிகைச் செலவு ஏறிக்கிட்டேதான் போவுது. கணக்கு பார்த்து சொல்லுங்க

செந்தூல்_அம்மா | 2025 செப்டம்பர் 2, ராத்திரி 10:40

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஆறு பேரு. நானு, வீட்டுக்காரரு, மாமியாரு, ஸ்கூல் போற ரெண்டு பசங்க, ஒன்றரை வயசு பாப்பா. ஜூலைலேர்ந்து சூப்பர்மார்க்கெட் ஆப் எல்லாத்தையும் போன்ல போட்டு கூப்பன் எடுக்க ஆரம்பிச்சேன், தெனமும் ராத்திரி பிள்ளைங்க தூங்குனதும் உக்காந்து எந்தக் கடைல என்ன வவுச்சர்னு பாக்குறதுதான் வேலை. இப்ப விசயம் என்னன்னா, நான் ரசீது எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வைக்கிற ஆளு. நேத்து எடுத்து கூட்டிப் பார்த்தேன். ஜூன் மாசம் கூப்பனே இல்லாம 1,180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஜூலை 1,265. ஆகஸ்ட் 1,340!! அந்த ஆகஸ்ட் ரசீதுங்க அடியில "நீங்கள் சேமித்தது"ன்னு போட்டிருக்கறத தனியா கூட்டுனா 74 வெள்ளி வருது. 74 வெள்ளி சேமிச்சவளுக்கு எப்படி 160 வெள்ளி கூட செலவாச்சு? வீட்டுக்காரரு ஒன்னும் சொல்லல, ஆனா எனக்கு மனசு கேக்கல. நான் எங்க தப்பு பண்றேன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஆயர்ஈத்தாம்_அண்ணன் | செப்டம்பர் 2, ராத்திரி 11:15

தங்கச்சி, பிஸ்கட் டின்ல ரசீது வைக்கிறீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சிச்சு. நெறைய பேரு அத கடை வாசல்லயே போட்டுட்டு வந்துருவாங்க.

உங்க ஆகஸ்ட் கூப்பன்ல எத்தனைக்கு "குறைந்தபட்சம் இவ்வளவுக்கு வாங்கணும்"னு நிபந்தனை இருந்திச்சுன்னு பாருங்க. நான் அடி வாங்குன எடம் அதுதான். 80 வெள்ளிக்கு வாங்குனா 8 வெள்ளி தள்ளுபடின்னு ஒரு வவுச்சர். அன்னைக்கி எனக்கு உண்மையிலேயே வேண்டிய சாமான் 62 வெள்ளிக்குத்தான். கவுண்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு சாக்லேட், ஜூஸ், சிப்ஸ்னு 18 வெள்ளிக்கு எடுத்து போட்டு 80 ஆக்கி, 8 கழிச்சு 72 கட்டிட்டு வந்தேன். ரசீது 8 வெள்ளி சேமிப்புன்னு சொல்லுது. என் பர்சுல 10 வெள்ளி கூட போயிருச்சு. அந்த 18 வெள்ளிக்கு அடுத்த வாரம் எப்படியும் வாங்க வேண்டிய சவுக்காரத்தூளோ பருப்போ எடுத்திருந்தா அது சேமிப்பு. சிப்ஸ்னா அது கடைக்காரனுக்கு வியாபாரம், அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்_ராணி | செப்டம்பர் 3, காலை 7:05

அண்ணே சொல்றது சரிதான், ஆனா அதுக்காக கூப்பனே வேணாம்னு யாரும் முடிவு பண்ணிறாதீங்க. நான் நாலு வருசமா பண்றேன். எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க, டயப்பர் செலவு என்னன்னு எனக்குத்தான் தெரியும்.

கூப்பன எதுக்கு வைக்கணும்னா, கெட்டுப் போவாத, கண்டிப்பா தீரப் போற, பிராண்டு மாத்த முடியாத சாமானுக்கு. டயப்பர், துணி சோப்பு, பற்பசை, ஷாம்பு, பெரிய பிள்ளைங்க பால் மாவு, மைலோ. இதுக்கெல்லாம் ஷாப்பி மாதிரி ஆன்லைன் கடைல 9.9, 10.10, 11.11 நாள்ல (ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் தேதி, அந்த மாதிரி) கடையோட விலைக்குறைப்பு ஒன்னு, பிராண்டு குடுக்குற வவுச்சர் ஒன்னு, தளம் குடுக்குற வவுச்சர் ஒன்னுன்னு ஒன்னுமேல ஒன்னு உக்காரும். ராத்திரி 12 மணிக்கு புதுசா திறக்குறப்பயே எடுத்துறணும், காலைல பார்த்தா முடிஞ்சிருக்கும். ஆப்ல இருக்குற கார்ட்ல முன்னாடியே சாமான போட்டு வச்சிருங்க.

ஆனா ஒன்னு, எனக்கு ஒரு சின்ன நோட்டு இருக்கு. எந்தச் சாமான் சாதாரண நாள்ல என்ன விலைன்னு அதுல எழுதியிருப்பேன், டயப்பர்னா ஒரு பீஸ் எத்தனை காசு, சோப்புன்னா கிலோ எவ்வளவு. அந்த நோட்டு இல்லாம "50% தள்ளுபடி"ய நம்பாதீங்க. போன வருசம் ஒரு கடை (பேரு வேணாம்) விலைய ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஏத்தி வச்சிட்டு அப்புறம் கொறைச்சிச்சு, நோட்டு இருந்ததால எனக்குத் தெரிஞ்சிச்சு, இல்லாட்டி நானும் ஆறு பாக்கெட் வாங்கியிருப்பேன்.

செராஸ்_புதுவீடு | செப்டம்பர் 3, மத்தியானம் 1:20

எனக்கு இப்பதான் கல்யாணம் ஆயி நாலு மாசம், நாங்களும் இதுல இறங்கலாம்னு இருக்கோம். ஒரு சந்தேகம். அமெரிக்காவுல வண்டி நெறைய சாமான் எடுத்து கூப்பன் கட்டு கட்டா குடுத்து கடைசில சில்லறைக் காசு கட்டிட்டு போற வீடியோ பாக்குறோமே, அது ஏன் நம்ம ஊர்ல நடக்க மாட்டேங்குது? நமக்குத் தெரியாம ஏதாவது வழி இருக்கா?

பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர் | செப்டம்பர் 3, சாயங்காலம் 5:50

தம்பி, நல்ல கேள்வி. அங்க ஏற்பாடே வேற. அங்க கூப்பன பெரும்பாலும் அச்சடிக்கிறது சாமான் தயாரிக்கிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள்ள புத்தகமா வரும், மக்கள் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு போவாங்க. கடைக்காரரு அத வாங்கி கம்பெனிக்கு அனுப்பி அந்தக் காச திரும்ப வாங்கிக்குவாரு, கூடவே கூப்பனுக்கு இவ்வளவுன்னு கொஞ்சம் கூலியும் உண்டு. அதனால கடைக்கு நஷ்டம் இல்ல. அதுக்கு மேல கடை தன்னோட கூப்பனும் குடுக்கும், சில கடை கம்பெனி கூப்பன ரெட்டிப்பாவும் ஏத்துக்கும். இந்த மூணும் ஒரே சாமான்மேல விழுறப்பதான் நீங்க பாக்குற வீடியோ நடக்குது. 1880கள்ல கொக்கோ கோலா ஒரு கிளாஸ் இலவசம்னு சீட்டு குடுத்ததுலேர்ந்து அங்க இது ஒரு பழக்கமா வளர்ந்திருக்கு.

நம்ம ஊர்ல கூப்பன் குடுக்குறது பெரும்பாலும் கடையோட ஆப். ஒரு ரசீதுக்கு ஒன்னுதான்னு அதுலயே எழுதியிருப்பாங்க. அதனால அந்த வீடியோவ மனசுல வச்சிக்கிட்டு கடைக்குப் போவாதீங்க.

செந்தூல் அம்மாவுக்கு நான் சொல்ல வர்றது வேற. நம்ம ஊர்ல கூப்பன விட பெரிய தள்ளுபடி ஏற்கெனவே ரேக்ல இருக்கு, யாரும் அத "ஆஃபர்"னு கத்தாததால கண்ணுல படல. 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. அரசாங்க மானியம். கிலோ சீனி 2.85. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. நீங்க 5 கிலோ போத்தல் எண்ணெய 3 வெள்ளி கூப்பன் போட்டு 30 வெள்ளி சுமாருக்கு வாங்குனா, அதே அஞ்சு கிலோ பாக்கெட்ல 12.50தான். எந்த ஆப் உங்களுக்கு இந்த வித்தியாசத்த குடுக்கும்? பாக்கெட் எண்ணெய் எல்லா நாளும் கெடைக்காது, ஆளுக்கு இத்தனைதான்னு சில கடைல அளவு வைப்பாங்க, அதனால பாக்குறப்ப ரெண்டு எடுத்து வைங்க. உள்ளூர் அரிசியும் அப்படித்தான். 2023 செப்டம்பர்ல அரிசி இறக்குமதி பண்ற பெர்னாஸ் கம்பெனி இறக்குமதி அரிசிய டன் 2,350லேர்ந்து 3,200 வெள்ளிக்கு ஏத்துனப்ப எல்லாரும் உள்ளூர் அரிசி பக்கம் ஓடுனாங்க, கடைங்கள்ல மூட்டையே காணோம், நினைவிருக்கும். இப்பயும் காலைல போனாத்தான் சில எடத்துல கெடைக்குது.

செந்தூல்_அம்மா | செப்டம்பர் 3, ராத்திரி 11:30

டீச்சர், எங்க வீட்ல 5 கிலோ போத்தல்தான். பாக்கெட்ட நான் எடுத்ததே இல்ல, அது கடை போட்டு பலகாரம் சுடுறவங்களுக்குன்னு நெனச்சேன். அரிசி மட்டும் மாமியாருக்கு இனிப்பு நீரு இருக்கறதால பொன்னி புழுங்கல்தான், அத மாத்த முடியாது. பசங்களுக்கும் எங்களுக்கும் மாத்திக்கலாம்.

இன்னைக்கி சிவப்பு பேனா எடுத்துக்கிட்டு ஆகஸ்ட் ரசீது எல்லாத்துலயும் பட்டியல்ல இல்லாம எடுத்தத கோடு போட்டேன். 186 வெள்ளி! கிச்சாப் மட்டும் நாலு போத்தல் நிக்குது. ரெண்டு வாங்குனா ஒன்னு இலவசம்னு எடுத்த யோகர்ட் பாதி கெட்டுப் போயி கொட்டுனேன். அண்ணே சொன்ன மாதிரி அந்த 80, 100 வெள்ளி எட்டணும்னுதான் எல்லாம் உள்ள வந்திருக்கு. பார்க்க பார்க்க வயிறு எரியுது.

பழைய_கேஷியர் | செப்டம்பர் 4, காலை 9:10

வயிறு எரியாதீங்கக்கா. நான் ஆறு வருசம் சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல உக்காந்தவ, உங்கள மாதிரி ஆயிரம் பேர பார்த்துட்டேன். உள்ளே இருந்து தெரிஞ்ச சிலத சொல்றேன்.

ஆப்ல கூப்பன் கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது, பல ஆப்ல அத தட்டி எடுத்து வச்சிக்கணும். சாமான ஸ்கேன் பண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மெம்பர் பார்கோட காட்டிருங்க. காசு கட்டி முடிச்சப்புறம் காட்டுனா நாங்க ரசீத முழுசா ரத்து பண்ணி மறுபடி அடிக்கணும், சூப்பர்வைசர் சாவி வேணும், பின்னால லைன் நிக்கும், அதனாலயே நெறைய பேரு "பரவால்ல"ன்னு போயிருவாங்க.

குறைந்தபட்ச தொகைங்கறது பல எடத்துல மத்த தள்ளுபடி எல்லாம் கழிச்சப்புறம் வர்ற தொகை. 81 வெள்ளின்னு நெனச்சிக்கிட்டு வருவாங்க, மெம்பர் விலை கழிஞ்சா 77 ஆயிரும், கூப்பன் விழாது. ஒரு வயசுக்குள்ள பாப்பாவுக்கான பால் மாவு, சிகரெட், பீர் இதெல்லாம் அந்தத் தொகைல சேராதுன்னு அடியில பொடி எழுத்துல இருக்கும். அத வீட்லயே படிச்சிட்டு வாங்க.

ரேக்ல ஒரு விலை, கவுண்டர்ல ஒரு விலை வந்தா வெக்கப்படாம கேளுங்க. விலை டேக் போன்ல படம் எடுத்து வச்சிக்கிட்டா இன்னும் நல்லது. பெரும்பாலும் பழைய டேக்க மாத்த மறந்திருப்பாங்க, கேட்டா சரி பண்ணிருவாங்க. மதிக்கவே மாட்டேங்குறாங்கன்னா உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு, அதாவது கேபிடிஎன்னுக்கு, புகார் பண்ணலாம், 1-800-886-800. விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் 2011லேர்ந்து இருக்கு. பினாங்குல இருக்கவங்க பயனீட்டாளர் சங்கத்துக்கிட்டயும் கேக்கலாம், தமிழ்லயே பேசலாம்.

பட்டர்வொர்த்_தங்கச்சி | செப்டம்பர் 4, காலை 10:00

கேஷியர் அக்கா, கும்பிடறேன்! எனக்கு அந்த 77 வெள்ளி கதை போன வாரந்தான் நடந்திச்சு, மெஷின் கோளாறுன்னு நெனச்சேன்.

நான் ஒன்னு சொல்லணும். அரசாங்கம் குடுக்குற சாரா உதவி 100 வெள்ளிய எல்லாரும் எடுத்துட்டீங்களா? 18 வயசும் அதுக்கு மேலயும் இருக்குற எல்லா மலேசியருக்கும் இந்த 2025 ஆகஸ்ட் 31லேர்ந்து ஐ.சில (அடையாள அட்டைல) ஏறியிருக்கு, இந்த வருசம் டிசம்பர் 31 வரைக்கும் நேரம் இருக்கு. விண்ணப்பம் ஒன்னும் தேவையில்ல. அரிசி, மாவு, முட்டை, ரொட்டி, எண்ணெய், பிஸ்கட், டின் சாமான், சோப்பு, ஸ்கூல் சாமான்னு 14 வகைல வாங்கலாம். செந்தூல் அக்கா வீட்ல பெரியவங்க மூணு பேரு, அப்படின்னா 300 வெள்ளி. அவசரப்பட்டு இந்த வாரமே கூட்டத்துல போயி நிக்காதீங்க. உங்க கடைல அந்தச் சாமானுக்கு விலை கொறையிற வாரமா பாத்து எடுத்தா அதே 100 வெள்ளிக்கு கூட சாமான் வரும்.

முட்டை மானியம் இந்த 2025 ஆகஸ்ட் 1லேர்ந்து முழுசா எடுத்துட்டதால இப்ப கடைக்கு கடை விலை வேற. பிரைஸ்கேச்சர்னு கேபிடிஎன் ஆப் ஒன்னு இருக்கு, அதுல உங்க ஏரியா கடைங்கள்ல கோழி, முட்டை, காய்கறி என்ன விலைன்னு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டை விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் பாருங்க.

செலாயாங்_மாமா | செப்டம்பர் 4, ராத்திரி 8:45

கூப்பன்லயே எல்லாரும் நிக்கறீங்க. காய்கறி, மீனு, வெங்காயம், மசாலா இதுக்கெல்லாம் கூப்பன் ஏது? ஒரு தமிழ் வீட்டு மளிகைல அதுதானே பெரிய பங்கு.

நாங்க ஃப்ளாட்ல நாலு வீடு சேர்ந்து மாசம் ரெண்டு தடவ செலாயாங் பாசார் போரோங், அதாவது மொத்த விலைச் சந்தைக்கு, போறோம். ஒரு ஆளு வண்டி எடுப்பாரு, மத்தவங்க பெட்ரோலுக்கு பங்கு போடுவோம். வெங்காயம் ஒரு சாக்கு, உருளைக்கிழங்கு ஒரு சாக்கு, தக்காளி ஒரு பெட்டி, வந்து கீழ்த்தளத்துல தராசு வச்சு பிரிச்சிக்குவோம். ஒரே வீடு ஒரு சாக்கு எடுத்தா பாதி அழுகிரும், நாலு வீடா பிரிச்சா பத்து நாள்ல தீந்துரும். இத கூட்டுப் பணம் (சீட்டு) கட்டுறதோட போட்டு கொழப்பிக்காதீங்க, அந்தப் பணக் கூட்டுக்கு 1971லயே சட்டம் போட்டு தடை இருக்கு. இது சாமான் மட்டும், அன்னைக்கே வாங்கி அன்னைக்கே கணக்கு முடிக்கிறது.

மசாலாவுக்கு என் வீட்டுக்காரி பாக்கெட் வாங்கி பதினைஞ்சு வருசமாச்சு. காஞ்ச மொளகா, மல்லி, சீரகம், சோம்பு எல்லாம் எடைக்கு வாங்கி, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு மில்லுல அரைச்சு வந்துருவா. மூணு மாசம் தாங்கும். மணமும் வேற.

ஜெலுத்தோங்_ராணி | செப்டம்பர் 4, ராத்திரி 9:30

மாமா சொல்றது பினாங்குலயும் உண்டு. லெபோ பாசார் பக்கம் மசாலாக் கடைங்கள்ல எடைக்கு வாங்கலாம், சௌராஸ்தா மார்க்கெட்டும் பக்கத்துலதான். பருப்பு, உளுந்து பாக்கெட்ல வாங்குறதுக்கும் அங்க கிலோக்கணக்குல வாங்குறதுக்கும் எனக்கு எப்பயும் வித்தியாசம் தெரியுது. பை கொண்டு போங்க, பினாங்குல 2011லேர்ந்தே பிளாஸ்டிக் பை சும்மா குடுக்குறது இல்ல.

செராஸ்_புதுவீடு | செப்டம்பர் 5, காலை 8:15

எல்லாம் சரிதான், ஆனா நேரம்? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். மூணு கடைக்கு வண்டி எடுத்துக்கிட்டு போனா டோல், பார்க்கிங், பெட்ரோல் எல்லாம் சேத்தா மிச்சம் புடிச்சது அங்கயே போயிருமே.

ஆயர்ஈத்தாம்_அண்ணன் | செப்டம்பர் 5, காலை 8:50

மூணு கடைக்கு ஒரே நாள்ல போவாதீங்க தம்பி. வேலை முடிஞ்சு வர்ற வழில எந்தக் கடை இருக்கோ அதுவே உங்க கடை. 99 ஸ்பீட்மார்ட் பெரும்பாலும் எல்லா தாமான்லயும் (குடியிருப்புலயும்) இருக்கு, எகோன்சேவ், மைடின், லோட்டஸ், என்எஸ்கே இதுல ஒன்னு எப்படியும் வழில வரும். மாசத்துக்கு ஒரு தடவ பெரிய கடை, வாரத்துக்கு ஒரு தடவ பாசார், நடுவுல பால் ரொட்டிக்கு பக்கத்துக் கடை. ரெண்டு பேரு வீட்டுக்கு இதுக்கு மேல தேவையே இல்ல. 3 வெள்ளி கூப்பனுக்காக ஆறு வெள்ளி டோல் கட்டிப் போறது எனக்கு சம்மதம் இல்ல, ராணி கோவிச்சுக்கிட்டாலும் சரி.

ஜெலுத்தோங்_ராணி | செப்டம்பர் 5, காலை 9:05

கோவம் இல்லண்ணே, நான் டோல் கட்டிப் போற ஆளு இல்ல, எனக்கு வீட்டு வாசலுக்கே பார்சல் வந்துரும். பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு கடைக்குப் போவ முடியாத அம்மாங்களுக்கு அந்த ராத்திரி 12 மணி வவுச்சர் ஒரு பெரிய உதவி, அத கொறைச்சு பேசாதீங்க.

ஆயர்ஈத்தாம்_அண்ணன் | செப்டம்பர் 5, காலை 9:20

அது நியாயம். அப்படி நான் யோசிக்கல.

செந்தூல்_அம்மா | அக்டோபர் 4, ராத்திரி 10:10

ஒரு மாசம் கழிச்சு வந்திருக்கேன், என்ன ஆச்சுன்னு சொல்லாம விடக் கூடாதுல்ல.

செப்டம்பர் மொத்தம் 1,122 வெள்ளி. டீச்சர் கேப்பாங்கன்னு தெரியும், சாராவுல எடுத்த 300 வெள்ளி சாமானையும் விலை போட்டு சேத்துத்தான் இந்தக் கணக்கு. கைக்காசுன்னா 822.

என்ன பண்ணேன்னா, முதல்ல போன்ல இருந்த ஆப்ல நாலு அழிச்சிட்டேன், நாங்க எப்பயும் போற கடையோடது மட்டும் வச்சிக்கிட்டேன். பட்டியல மாமியாரு சொல்ல சொல்ல பெரிய பொண்ணு எழுதுறா. பட்டியல் முடிஞ்சப்புறந்தான் கூப்பன் பக்கம் போறேன், முன்னாடி நான் கூப்பன தொறந்து வச்சிக்கிட்டு பட்டியல் போடுவேன், தலைகீழா பண்ணியிருக்கேன். மொத்த மாசத்துக்கும் நாலே கூப்பன், ஆகஸ்ட்ல பதினேழு! அந்த நாலும் டயப்பருக்கும் துணி சோப்புக்கும் மாசச் சாமான் வாங்குன அன்னைக்கும் மட்டுந்தான். மாசச் சாமான் அன்னைக்கி தொகை தானா 200 தாண்டிருச்சு, ஒன்னும் எடுத்து அடைக்க வேண்டி வரல.

எண்ணெய் பாக்கெட் அஞ்சு எடுத்தேன், 12.50. போன மாசம் அதே இடத்துல போத்தலுக்கு 31.90 கட்டியிருந்தேன். மாமியாருக்கு முதல்ல பிடிக்கல, பாக்கெட் எண்ணெய் ஒரு மாதிரி இருக்கும்னாங்க, அப்புறம் நான் பழைய போத்தல்லயே ஊத்தி வச்சேன், அவங்க முன்னாடியேதான் ஊத்துனேன், ஒளிச்சு இல்ல. இப்ப அவங்களே "பாக்கெட் இருக்கான்னு பாரு"ன்னு சொல்லி விடுறாங்க. வெங்காயம் நாங்களும் பக்கத்து ரெண்டு வீடும் சேர்ந்து ஒரு சாக்கு எடுத்தோம், மாமா சொன்ன மாதிரி தராசு வச்சு. அடுத்த வீட்டு சீன அக்காவும் இந்த மாசம் சேர்றேன்னு சொல்லியிருக்காங்க.

வீட்டுக்காரருக்கிட்ட பிஸ்கட் டின்ன காட்டுனேன். ரசீத ஒவ்வொன்னா எடுத்து பார்த்துட்டு, மிச்சத்துல பெரியவளுக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கலாம்னாரு. வாங்கிட்டோம்.

இப்ப தீபாவளிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. முறுக்குக்கு அரிசி மாவு, உளுந்து, நெய், ஆட்டிறைச்சி. எத இப்பயே வாங்கலாம், எத பொறுத்துக்கலாம்?

பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர் | அக்டோபர் 4, ராத்திரி 10:55

படிச்சு கண்ணு கலங்கிருச்சும்மா. உளுந்து, நெய், மாவு இப்பயே வாங்கிருங்க, கடைசி வாரம் கூட்டமும் இருக்கும், நல்ல நெய் தீந்தும் போவும். ஆட்டிறைச்சி, தக்காளி, தேங்காய் மாதிரி சிலதுக்கு பெருநாளை ஒட்டி சில நாளைக்கு அரசாங்கம் உச்ச வரம்பு விலை போடுறது வழக்கம், பட்டியல் வந்ததும் பாத்துட்டு அந்த நாள்ல போங்க. வரம்புக்கு மேல கேட்டா கேஷியர் தங்கச்சி குடுத்த நம்பர் இருக்கு. கேன் பானம் பெட்டி வாங்கணும்னா ஒரு பெட்டியோட நிறுத்துங்க, சீனப் பெருநாளுக்கு முன்னாடி அது நல்லா எறங்கும்.

பழைய_கேஷியர் | அக்டோபர் 4, ராத்திரி 11:05

தீபாவளிக்கு முந்தின சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும் போயிறாதீங்கக்கா. வார நாள் காலைல கடை தொறந்ததும் போங்க, ரேக் நெறைஞ்சிருக்கும், கவுண்டர்ல இருக்கவங்களுக்கும் உங்க கூப்பன பொறுமையா பாக்க நேரம் இருக்கும்.

ஜெலுத்தோங்_ராணி | அக்டோபர் 5, காலை 6:50

செந்தூல் அக்கா, 11.11க்கு டயப்பர் எடுக்குறப்ப ஒரு சைஸ்ல ஆறு வாரத்துக்கு மேல எடுக்காதீங்க. பாப்பாவுக்கு இப்ப ஒன்றரை வயசுன்னா தொடைல தடம் விழுதான்னு பாருங்க, விழுந்தா அடுத்த சைஸுக்கு நேரம் வந்திருச்சு. நான் ரெட்டைப் பிள்ளைங்களுக்கு எம் சைஸ் எட்டு பாக்கெட் வாங்கி, அஞ்ச தங்கச்சி பிள்ளைக்கு குடுத்தேன்.

செந்தூல்_அம்மா | அக்டோபர் 5, காலை 7:20

இப்பதான் பார்த்தேன், லேசா தடம் இருக்கு. எல் சைஸே எழுதிக்கிறேன். நன்றி ராணி.